குருத்து ஈக்கு ஒரு வேண்டுதல்

நான் நன்றி சொல்ல வேண்டியவர்களை வரிசையில் நிறுத்தினால் முதலில் ஓர் ஈயை நிறுத்த வேண்டியிருக்கும். வீட்டில் மொய்க்கும் ஈ இல்லை. அதைவிடச் சின்னது, சாம்பல் நிறம், இலையில் உட்கார்ந்தால் தூசி உட்கார்ந்ததாகத்தான் தோன்றும். குருத்து ஈ என்று பெயர். சோளம் முளைத்து நாலு இலை விட்ட பருவத்தில் வரும். இலையின் அடிப்பக்கத்தில் ஒரு முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். அதிலிருந்து வரும் புழு விடிகாலை ஈரத்தில் இலைமேல் வழுக்கிக்கொண்டே போய் நடுக்குருத்துக்குள் இறங்கி, குருத்தின் அடியை அறுத்துவிடும். சுற்றிலும் இலைகள் பச்சையாக இருக்க, நடுவில் ஒன்று மட்டும் வாடிக் காய்ந்து நிற்கும்.

ஊரெல்லாம் இந்த ஈயை ஒழிக்க அலைகிறது. இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆவணி மாதத்தில், எங்கள் குடும்பம் இதை வரவழைக்க அலைந்தது.

என் மனைவி தரமணியில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பூச்சியைத் தாங்கி நிற்கும் பயிர்களை உருவாக்குவது அவள் வேலை. எங்கள் மகள் ரெட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்தில், முத்துப்போல மணி பிடிக்கும், ஆனால் ஈக்கு உடனே விழுந்துவிடும் ஒரு சோளத்தையும், மணி சிறுத்தாலும் ஈயை அண்டவிடாத ஒரு நாட்டுச் சோளத்தையும் அவள் ஒன்றுசேர்த்தாள். பிறந்த பிள்ளைகளில் நல்லதைப் பொறுக்கி விதைத்தாள். அவற்றின் பிள்ளைகளிலும் பொறுக்கினாள். பின்னலை வெட்டிக்கொண்டு மகள் பெங்களூருக்குப் படிக்கப் போனபோது, பொறுக்கிப் பொறுக்கி வந்த அந்தச் சோளம் ஒரு குடும்பமாக நிலைத்திருந்தது. கதிர் முழுக்க வெள்ளை மணி. இளம்பயிரின் இலை எண்ணெய் தடவினாற்போல மினுங்கும். அடிப்பக்கத்தைத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத ரோமம் விரலில் உரசும். மினுங்கும் இலையில் ஈரம் தங்காது, ஈரம் இல்லாவிட்டால் புழுவால் நகர முடியாது, ரோமம் இருந்தால் ஈக்கு உட்காரவே பிடிக்காது. இதையெல்லாம் அவள் ரசம் கரைத்துக்கொண்டே சொல்வாள். நான் கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் நடப்பேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பாடப்புத்தகங்களுக்கு அச்சுப்பிழை திருத்தி, மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிறேன். மிச்ச நேரத்தில் எழுதும் வரிகளெல்லாம் மந்தைவெளிக்கும் அடையாறு பாலத்துக்கும் நடுவே நடக்கும்போது கால் போட்ட வரிகள்.

தாங்கும் என்று அவள் நம்பினாள். ஆனால் நம்பிக்கையை ஆய்வு நிலையம் ஏற்காது. பயிரை ஈயின் முன்னால் நிறுத்திக் காட்ட வேண்டும். அதற்கென்று வாடகைக்கு எடுத்திருந்த வெளியூர் வயல் அந்த வருடம் கைவிட்டுப் போனது. நிலையத்தின் பின்புறம், இரண்டு கண்ணாடிக் கட்டிடங்களுக்கு நடுவே ஒரு துண்டு நிலம்தான் மிச்சம். இந்தப் பருவம் முடிவு தெரியாவிட்டால் வேலையை மூடிவிட்டு விதைகளைக் குளிர் அறையில் வைத்துவிடலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். குளிர் அறைக்குப் போகும் விதை சாகாது. யாரும் கூப்பிடாமல் கிடக்கும், அவ்வளவுதான்.

சோதனையின் முறை எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. பார்த்தவுடன் ஈக்கு விழும் ஒரு ரகத்தை முதலில் சுற்றிலும் விதைப்பார்கள். அது வளர்ந்து ஈயைக் கூப்பிட்டு வைக்கும். மூன்று வாரம் கழித்து நடுவில் சோதிக்க வேண்டிய பயிரையும், அதன் பக்கத்திலேயே அந்தத் தாங்காத ரகத்தை இன்னொரு வரிசையாகவும் விதைப்பார்கள். பக்கத்து வரிசை செத்தால்தான் நடுவில் நிற்பதற்கு அர்த்தம்.

"அது சாகலேன்னா?" என்று கேட்டேன்.

"ஈ வராத வயல்ல எல்லாப் பயிரும் வீரன்தாங்க," என்றாள்.

ஈ வரவில்லை. கண்ணாடிக் கட்டிடக்காரர்கள் கொசுவுக்காகச் சாயங்காலம் தவறாமல் புகை அடித்தார்கள். ஈயைக் கவர, நனைத்த மீன் தூளை வரிசைகளுக்கு நடுவே வைப்பது வழக்கம். மீன் வாடைக்கு அந்த ஈ மயங்கி வரும். கோழித் தீவனக் கடையிலிருந்து நிலையம் வாங்கிக் கொடுத்த தூளிலோ மீன் வாடையே இல்லை, பவுடர் டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது. முதலில் விதைத்த வரிசைகள் தளதளவென்று வளர்ந்துகொண்டிருந்தன. பசுமையைப் பார்த்து ஒரு பெண் கண் கலங்குவதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை அவளே ஒரு பை நிறையக் கருவாட்டு உடைசல் வாங்கிவந்து மொட்டை மாடியில் காயவைத்தாள். அதற்கு முந்தின சாயங்காலம்தான் பெசன்ட் நகர் மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறியிருந்தது.

எங்கள் கட்டிடத்தின் கீழ்வீட்டில் என் அக்கா இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள். கொடி ஏறினால் இறங்கும்வரை காவிப் புடவைதான் கட்டுவாள். வீட்டில் கவுச்சி கிடையாது, முட்டைகூடக் கிடையாது. திருவிழா அன்று செருப்பில்லாமல் கோயிலுக்கு நடந்து போவாள். எங்கள் கோயில் பங்கில் பல குடும்பங்களில் இப்படித்தான். நாங்களும் அந்த நாட்களில் சாம்பாரும் கூட்டுமாகத்தான் இருப்போம். அப்படிப்பட்ட நாளில் மாடியிலிருந்து கருவாட்டு வாடை படியிறங்கி வந்தால் அவள் என்ன நினைப்பாள்? தம்பிக்கு நாக்கு அடங்கவில்லை என்றுதான் நினைத்தாள். எங்களிடம் சண்டை போட்டால் நவநாள் விரதம் கெட்டுவிடும் என்று சத்தமே போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் மாடிக்கு ஏறி, மொத்தத்தையும் வாரி, காம்பவுண்டில் இருந்த தென்னை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்துவிட்டாள். பாவம் ஒழிந்தது, மரத்துக்கும் உரமாயிற்று.

நாங்கள் திரும்பி வந்தபோது கையைக் கழுவிக்கொண்டே, "டேய், பத்து நாள் பொறுக்க முடியலையாடா உனக்கு?" என்றாள்.

மனைவி மாடிக்கு ஓடினாள். வெறும் சாக்குதான் கிடந்தது. இறங்கி வந்து அவள் கேட்ட ஒரே கேள்வி, "எங்க அண்ணி போட்டீங்க?"

தென்னை மரத்தடியில் ஈக்கள் மேகமாக மொய்த்துக்கொண்டிருந்தன. மனைவி பூசைக்குக் கட்டின புடவையோடு அங்கே குந்தி உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். கோயிலுக்குக்கூட அது அவளோடு வரும். நெடுநேரம் பார்த்தாள். நானும் அக்காவும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இதுல ஒண்ணுகூட என் ஈ இல்ல," என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடா சொல்றா இவ?"

சாப்பாட்டு மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னோம். சோளம் என்றதும் அக்கா, "பீச்சுல சுட்டு விக்கிறானே, அதா?" என்றாள். அது மக்காச்சோளம், இது வேறு என்றாள் மனைவி. அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். நடுவில் பேசவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சு பேசாமல் இருந்தால் எப்படிப் பயமாக இருக்குமோ அப்படி எனக்கு இருந்தது.

"சரி, இந்த ஈ வராமலே போச்சுன்னா?"

"இத்தனை வருஷம் நான் செஞ்சது சரியா தப்பான்னு எனக்கே தெரியாமப் போயிடும் அண்ணி. தப்புன்னு தெரிஞ்சாக்கூடப் பரவால்ல."

அக்கா எழுந்து போனாள். கோபம் என்று நினைத்தேன். ஒரு கட்டைப் பையை உதறிக்கொண்டு திரும்பி வந்தாள். "கெளம்புடா. கருவாடு எங்க நல்லா நாறும்?"

சைதாப்பேட்டை மார்க்கெட்டில், கழுத்தில் ஜெபமாலையும் உடம்பில் காவிப் புடவையுமாக என் அக்கா கருவாட்டுக் கடை முன்னால் நின்ற காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடைக்காரர் மூட்டைமேல் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, காவி கட்டிக்கினு இங்க நிக்கிற? பெசன்ட் நகர்ல கொடி ஏறிக்கீதே. உங்காளுங்களால என் யாவாரமே படுத்துக்கினு கீது."

"எனக்கில்லப்பா. நல்லா நாறுறதா பாத்துக் குடு."

"நாறாததுன்னு கேட்டா புரியும். நாறுறதுன்னா?"

"எவ்ளோ நாறுமோ அவ்ளோ நல்லது."

அவர் என் பக்கம் திரும்பினார். "நைனா, இவங்க இன்னா சொல்றாங்க?"

"ஈ வரணுங்க," என்றேன்.

"ஈயா? காலைலேர்ந்து அத்தத்தான் ஓட்டிக்கினு உக்காந்துகினு கீறேன். மொத்தமா இட்டுக்கினு போ நைனா, உனக்குப் புண்ணியமா போவும்."

"இந்த ஈ இல்லைங்க. அது வேற ஈ."

"ஈயிலயும் சாதி பாக்குறியா நீ?"

பக்கத்துக் கடையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் கேட்டதை மனிதர் மதித்தார். உள்ளே போய், மூட்டைகளின் அடியில் தங்கிப்போன உடைசலையெல்லாம் ஒரு முறத்தில் கொண்டுவந்தார். "இத்த மோந்து பாரு." அக்கா குனிந்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. தி. நகர் கடையில் பட்டுப்புடவையை வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அதே முகத்தோடு ஒரு பிடி அள்ளி, விரலால் நசுக்கி, மறுபடி மோந்தாள்.

"இதுதான். போடுங்க."

அரைப்பதற்கு அவளுடைய பழைய மிக்ஸியைக் கொடுத்தாள். "இனிமே இதுல சட்னி அரைக்க முடியாது. உங்க ஈயே வெச்சுக்கட்டும்." மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் அவள் அரைக்க, நான் சலித்தேன். விரதத்துக்கு இழுக்கு வருமோ என்று கேட்டேன். "வாயில போட்டாத்தான்டா இழுக்கு," என்றாள்.

மறுநாள் காலை மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினோம். பையைச் சுற்றிப் பையாக மூன்று பை போட்டும் கோட்டூர்புரம் வருவதற்குள் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகிவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பிள்ளைகள் கதவோரமாக ஒதுங்கினார்கள்.

"மச்சி, எவன்டா கருவாடு எட்டாந்தது?"

"நான்தாம்பா," என்று வகுப்பில் பேசும் குரலில் அக்கா சொன்னாள். "ஈக்குச் சாப்பாடு."

பிறகு ஒருவன், "எங்க கேன்டீன் சாப்பாட்டுக்கு ஈயே வர மாட்டேங்குது ஆன்ட்டி. கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க," என்றான். பெட்டியே சிரித்தது. தரமணியில் இறங்கும்போது அந்தப் பையனே பையைத் தூக்கிக் கீழே வைத்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவனுக்கும் என் நன்றி சேரட்டும்.

தூளை நனைத்து, வரிசைகளுக்கு நடுவே சின்னச் சின்னத் தட்டுகளில் வைத்தோம். ஈ வருவதற்கு முன்னால் காகம் வந்தது, காகத்துக்குப் பின்னால் பூனை. ஒரு பூனை விதைப்பு வரிசையிலேயே புரண்டு நாலைந்து செடியைச் சாய்த்துவிட்டது. காவலுக்கு ஆள் வேண்டும். மனைவிக்கு அலுவலகக் கூட்டங்கள். மெய்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கேயும் போகக்கூடியவன் நான்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, காகம் விரட்ட ஒரு மூங்கில் குச்சி. அசைந்தால் ஈ வராது, எழுந்து நடக்காதே என்று கட்டளை.

நடக்காமல் இருந்த அந்தக் காலைகளை யார் எனக்குத் தந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். வெயில் முதலில் மேற்குக் கட்டிடத்தின் கண்ணாடியில் பட்டு, தெறித்து, பயிரின்மேல் மேற்கிலிருந்து விழும். சூரியன் இரண்டு பக்கமும் உதித்த மாதிரி இருக்கும். தாங்காத ரகத்தின் இலை பனியில் நனைந்து கனமாகத் தொங்கும். அவள் சோளம் அதே பனியில் நின்றும் சீக்கிரம் உலர்ந்து, தலை துவட்டிக்கொண்டு வந்த பிள்ளைபோல விறைப்பாக நிற்கும். இரண்டுக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர். நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இத்தனை வருடம் ரசம் கரைத்துக்கொண்டு அவள் சொன்னதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் என் கண்ணுக்கு வந்து சேர்ந்தது.

திருவிழா அன்று அக்கா செருப்பில்லாமல் நடந்து போய் வந்தாள். காலில் கொப்புளம். எண்ணெய் தடவிக்கொண்டே மனைவியிடம் சொன்னாள்:

"ஈ வரணும்னு மாதாகிட்ட கேட்டுட்டேன். எல்லாரும் சீக்கு போகணும், பிள்ளை பொறக்கணும்னு கேக்குறாங்க. பூச்சி வரணும்னு கேட்டவ நான் ஒருத்திதான். அவங்களுக்கே ஒரு மாதிரி இருந்திருக்கும்."

"அப்படியே என் பயிர் சாகக் கூடாதுன்னும் கேட்டீங்களா அண்ணி?"

அக்கா கையை நிறுத்தினாள். "ஐயையோ. அதக் கேக்கலயே."

"நல்லதாப் போச்சு. அத நான் பாத்துக்கறேன்."

ஈ வந்தது. மாதாவா, மார்க்கெட்டுக்காரரின் மூட்டை அடியா, இல்லை நடுவில் மூன்று நாள் கொசுப்புகை அடிக்கும் வண்டி பழுதாகி நின்றதா, எனக்குத் தெரியாது. மூவருக்கும் சேர்த்தே நன்றி சொல்லிக்கொள்கிறேன். ஒரு காலை மனைவி குனிந்து ஓர் இலையைத் திருப்பினாள், அப்படியே நின்றுவிட்டாள். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். இலை நரம்பை ஒட்டி ஒரு வெள்ளைப் பொட்டு. வெட்டிப்போட்ட நூல் துணுக்குபோல, அவ்வளவு சிறியது. அடுத்த செடியிலும் இருந்தது. அவளுடைய சோளத்திலும் இருந்தது, குறைவாக.

"உன்னுதுலயும் இருக்கே," என்றேன்.

"இருக்கணும். இல்லேன்னா அது எதைத் தாங்குச்சுன்னு சொல்றது?"

அதன்பிறகு காத்திருப்பதைத் தவிர யாருக்கும் வேலையில்லை. அவளுக்குத் தூக்கம் குறைந்தது. ரசத்தில் உப்புப் போட இரண்டுமுறை மறந்தாள்.

புரட்டாசி பிறந்து சில நாட்களில், நானும் அக்காவும் அவளோடு போனோம். அக்கா வருவேன் என்று அடம்பிடித்து வந்தாள், வழக்கமான பூப்போட்ட புடவையில். வரிசையின் தலைப்பில் நின்றவுடனேயே தெரிந்தது. தாங்காத ரகம் நெடுக நடுவிலைகள் வைக்கோல் நிறத்தில் நின்றன. மனைவி முதல் செடியின் காய்ந்த குருத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல், உறையிலிருந்து கத்தி வருவதுபோல, கையோடு வந்துவிட்டது. அடி அழுகி நாறியது. அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும். ஒரு செத்த குருத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள், கன்னத்தில் கண்ணீர் ஓடியது. சைதாப்பேட்டைக் கடையில் அக்காவின் கண்ணில் வந்ததைப் போலவே இருந்தது எனக்கு.

அந்த வரிசையை நினைத்தால் எனக்கு இன்னமும் என்னவோ செய்யும். ஒவ்வொரு சோதனையிலும் அதை விதைப்பார்கள், அது சாகத்தான். அது முறையாகச் செத்துக் கொடுக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவனின் பெருமை யாருக்கும் தெரியவராது. அதன் காய்ந்த குருத்துகளுக்கு அடியில், தூரிலிருந்து, புதிதாகப் பக்கத் தளிர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. செத்தும் விடவில்லை. யாரும் பார்க்காததால் நான் பார்த்தேன்.

பிறகு அவள் தன் சோளத்துக்கு வந்தாள். தூரத்திலிருந்து பச்சையாகத்தான் தெரிந்தது. ஆனால் தூரத்துப் பச்சையை அவள் நம்பமாட்டாள், நானும் அதற்குள் நம்பக் கூடாது என்று கற்றிருந்தேன். முதல் செடியின் நடுக்குருத்தைப் பிடித்தாள். இழுத்தாள். வரவில்லை. இரண்டாவது வரவில்லை. மூன்றாவது கையோடு வந்தது. அவள் முகம் மாறவில்லை. அதைக் கீழே போட்டுவிட்டு நான்காவதைப் பிடித்தாள். வரவில்லை. அப்படியே வரிசை நெடுகக் குனிந்து போனாள். அங்கொன்று இங்கொன்றாக விழுந்திருந்தன. நின்றவை நின்றன, நிறையவே நின்றன. கடைசிச் செடியில் நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, கண்ணாடிக் கட்டிடங்களுக்கு நடுவே தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு இழுத்துப் பாக்கட்டுமா?" என்றாள் அக்கா.

"பாருங்க. பசங்க காதைத் திருகுற மாதிரி இழுக்காதீங்க."

அக்கா கொப்புளம் ஆறியிருந்த காலோடு வரப்பில் இறங்கிக் குனிந்தாள். மினுங்கிய ஒரு குருத்தை மெதுவாகப் பிடித்தாள். இழுத்தாள். கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். செடி முழுவதும் அசைந்தது, குருத்து அசையவில்லை.

"வரலியேம்மா," என்றாள், கவலையோடு, தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டதுபோல.

"வராது அண்ணி," என்றாள் என் மனைவி.